தொடு அட்டை இல்லாதவன்

கிருமிக்கும் வம்சாவளி பார்க்கலாம் என்று ஆன பிறகு, எங்கள் சேலம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், இது யாரு பக்கத்துக் கிருமி?" புண் ஆறுமா, வீட்டில் இன்னொருவருக்கு வராமல் என்ன செய்யலாம் என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் விசாரிப்பது போல விசாரிப்பார்கள். கிருமி தங்களைவிடக் கீழான இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு நிம்மதி. புண்ணே பாதி ஆறிவிட்டது போல முகம் தெளிந்துவிடும்.

என் பெயர் திருஞானம். நுண்ணுயிர் வம்சாவளி அலுவலகத்தில் மூத்த வாசிப்பாளர், பதினோரு வருட சர்வீஸ். தோலில் கட்டியாகக் கிளம்பி, எந்த மாத்திரைக்கும் மசியாமல் ரத்தத்துக்குள் இறங்கி ஆளையே சாய்க்கிற ஸ்டஃபைலோ கிருமிதான் எங்கள் பிழைப்பு. புண்ணில் பஞ்சுக்குச்சியை ஒற்றி இயந்திரத்தில் வைத்தால், அந்தக் கிருமி எந்த உடம்பில் எந்த மருந்தைப் பார்த்துப் பழகியது, எந்த மாதம் யாரிடமிருந்து யாருக்குத் தாவியது என்று கிளை கிளையாகப் படம் போட்டுக் காட்டும். அற்புதமான இயந்திரம். அதைச் சுற்றி நம்மவர்கள் கட்டிய சட்டம்தான் அற்பமானது.

கட்டி வந்து ஆட்கள் சாகத் தொடங்கியதும் அரசாங்கம் 'தொடு அட்டை' கொண்டுவந்தது. தொழிலுக்காக அடுத்தவர் உடம்பைத் தொடுகிற எல்லோரும் அட்டை வாங்க வேண்டும்; மூக்கிலிருந்து மாதிரி கொடுக்க வேண்டும். முடிதிருத்துபவர், ஆயா, நர்ஸ், வளையல் அடுக்குகிறவர், காது குத்துகிறவர், எல்லோரும் உண்டு. மருத்துவர்கள் கிடையாது. அவர்கள் தொடுவதில்லையாம், பரிசோதிக்கிறார்களாம். ஊர்வலம் போய் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். நாங்களும் கிடையாது. தினம் நாற்பது பேர் மூக்கில் குச்சி விடுகிறோம், ஆனால் அது தொடுவது ஆகாது, மாதிரி சேகரிப்பது. இந்த விளக்கத்தைக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

தண்டனை விஷயத்தில் சட்டம் ரொம்பத் தெளிவு. கிருமியைக் கைமாற்றியவர் 'இடைக்கண்ணி'. அவருக்கு ஒன்றரை மாதச் சிகிச்சை. பிறகு அட்டை திரும்பக் கிடைக்கும். கிருமி யார் உடம்பில் முரடானதோ அவர் 'தோற்றுவாய்'. அவருக்கு ஆயுளுக்கும் அட்டை கிடையாது, அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் கிடையாது. அட்டையே இல்லாதவரை என்ன செய்வது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்களிடமும் அட்டை இல்லை, எதற்கு யோசிக்கப் போகிறார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் தனபாலன் வந்தார். கல்யாண மண்டபம் ஒன்றும் பொறியியல் கல்லூரி ஒன்றும் வைத்திருக்கும் மனிதர். இருக்கையில் உட்காரும் முன் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். அந்தக் கைக்குட்டையாலேயே பிறகு மூக்கைத் துடைத்தார்.

"பையன் கன்னத்துல எலுமிச்சங்காய் அளவுக்குச் சதைய வெட்டி எடுத்துட்டாங்க சார். இருபத்தாறு நாள் ஐசியூ. கல்யாணமே தள்ளிப் போச்சு. பொழச்சதே பெருசு" என்றார்.

"எப்படி ஆரம்பிச்சுது?"

"சூட்டுக்கட்டிதான் சார். மாம்பழம் ஜாஸ்தி சாப்பிடுவான். மொதல்ல பூச்சி கடிச்சிருக்கும்னு நெனச்சோம். அப்புறம் பழுத்துடுச்சு. அவங்க அம்மா அமுக்கி எடுத்துட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் போட்டா."

"மாத்திரை?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினோம். மூணு நாள் ஒண்ணு, கேக்கல. வேற ஒண்ணு மாத்தி ரெண்டு நாள். வீட்டுல பழசு கொஞ்சம் கெடந்துது, அதையும் குடுத்தோம்."

சேலத்தில் எந்தக் கட்டி வந்தாலும் மாம்பழம்தான் குற்றவாளி. பாவம் அந்தப் பழம். எனக்கும் சீசனில் ஒன்றிரண்டு வரும், ஆனால் எனக்கு வருவது நிஜமான சூட்டுக்கட்டி. இந்த ஆளுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றாலும் சம்பளம் வாங்குகிறேனே, சொன்னேன்.

"இந்தக் கிருமி மூணு பேர்ல ஒருத்தர் மூக்குல சும்மா குடியிருக்குதுங்க. எந்தத் தொந்தரவும் தெரியாது. தோல்ல ஒரு கீறல் விழுந்தா உள்ள எறங்கிக் கட்டியாகும். டாக்டர்கிட்டப் போயிருந்தா சின்னதாக் கீறி, சீழ வெளிய எடுத்துட்டு, மூடிக் கட்டி விட்டிருப்பார். பல பேருக்கு அதோட முடிஞ்சிரும். நீங்க அமுக்குனதுல அது ஆழத்துக்குப் போச்சு. கண்ட மாத்திரையும் போட்டதுல சாகற கிருமி செத்து, சாகாத கிருமி மட்டும் மிஞ்சிக் குட்டி போட்டுது."

"அதெல்லாம் இருக்கட்டும் சார்." அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "இது யாரு பக்கத்துக் கிருமி? அதச் சொல்லுங்க. பையனுக்குச் சவரம் பண்ணின அந்த முடிவெட்டறவன்தானே?"

இயந்திரமும் அதையேதான் சொன்னது. படத்தில் பையன் பெயருக்கு மேலே ஒரே ஒரு பெயர். மாதையன், முடிதிருத்தும் தொழில், அஸ்தம்பட்டி. அந்தப் பெயருக்கு மேலே ஒன்றும் இல்லை, ஆகவே தோற்றுவாய். தாளின் அடியில் வழக்கம்போலச் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஆய்வக மாசு, நீக்கப்பட்ட வரிசை 1'. அந்த வரியை நான் பதினோரு வருடமாகப் படித்ததில்லை.

மாதையன் எனக்கு முடிவெட்டுகிறவன். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கையில்தான் என் கழுத்து. விசாரணை அதிகாரிக்கு வேண்டியவர் என்றால் வழக்கை வேறொருவருக்கு மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. முடிவெட்டுகிறவன் எப்படி 'வேண்டியவர்' ஆவான் என்று நினைத்தேன். அதனால் மாற்றவில்லை.

விசாரணைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் தெரிந்தவன் போலச் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் விவரமானவன். கையில் ஒரு நீளமான பதிவேடு. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் 'தோலில் காயம், கட்டி உண்டா' என்று கேட்டு, பதிலை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். உண்டு என்றால் அவரைத் திருப்பி அனுப்பும் உரிமையும் கடைக்காரருக்கு உண்டு. எந்தக் கடைக்காரர் யாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்? பதிவேட்டின் நடுவிலிருந்து சிவப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டின் மேலுறையில் வருடத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது. வழக்கு இந்த வருடத்துக்கு, நோட்டு எந்த வருடத்துக்கோ. இவர்கள் எப்போதுதான் தேறுவார்கள் என்று அலுத்துக்கொண்டேன்.

"இதக் கொஞ்சம் பார்க்கோணுங்க சார்" என்று அதை மேஜையில் வைத்தான்.

"நோட்டெல்லாம் வேண்டாம்பா. மெஷின் சொல்லிருச்சு." நான் அதைத் தள்ளி வைத்தேன்.

"மெஷின் எங்கிட்ட இருக்குதுன்னு சொல்லுச்சுங்க. சரி. எனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லலீங்களே? நான் அஞ்சு வருசமா ஒரு மாத்திர தின்னதில்லீங்க சார். மருந்தே பார்க்காத ஒடம்புல அது எப்படிங்க மருந்தப் பழகும்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு அரசாங்க அலுவலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. "படத்துல ஒன்னோட பேருக்கு மேல யாருமில்ல. அவ்வளவுதான்."

"அட்ட போனா நான் கூலி வேலைக்குப் போயிக்கறனுங்க. புள்ள நர்சிங் மூணாவது வருசம் படிக்குதுங்க. கார்குழலின்னு பேருங்க. ஒரே வீடுன்னு சொல்லி அதுக்கும் அட்ட குடுக்க மாட்டாங்களாமா. நாலு வருசப் படிப்புங்க சார். மேல யாரு இருக்காங்கன்னு ஒரே ஒரு தடவ பாருங்க."

பதினைந்து நாளில் இறுதி உத்தரவு வரும் என்று சொல்லி அனுப்பினேன். பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

அவன் மேல் இரக்கப்பட்டு நான் தாளின் அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்து வரியைத் திறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனபாலன்தான் காரணம். மறுநாள் தொலைபேசியில், "அந்தாளு கடையவே இடிச்சுத் தள்ளணும் சார்" என்று கத்தினார். இந்த மனிதர் வீட்டில் கிடந்த பழைய மாத்திரை அத்தனையையும் பார்த்த கிருமி, நிச்சயம் இவர் வீட்டில்தான் முரடாகியிருக்கும். அங்கிருந்துதான் மாதையன் கைக்குப் போயிருக்கும். அம்பு திரும்பி அவர் முகத்திலேயே பாய்வதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அற்ப ஆசைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நீக்கப்பட்ட வரிசை என்றால் இதுதான்: மாதிரியைக் கையாளும்போது எங்கள் கிருமி அதில் விழுந்துவிடலாம் அல்லவா, அதற்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊழியர் மூக்கிலிருந்தும் எடுத்து வைப்பார்கள். அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை, நீக்குவதற்கு மட்டுமே. ஊழியரின் கிருமி எங்கே தென்பட்டாலும் இயந்திரம் அதை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். மூத்த வாசிப்பாளருக்கு அதைத் திறக்கும் உரிமை உண்டு. திறந்தேன்.

மாதையன் பெயருக்கு மேலே ஒரு கிளை நீண்டது. தனபாலன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தில் போய் நின்றது. அங்கே ஓர் ஊழியர் எண். என்னுடையது.

மாசு என்றுதான் முதலில் நினைத்தேன். நினைக்காமல் இருப்பேனா? ஆனால் மாதையனிடம் மாதிரி எடுத்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். எடுத்தது வேறொருவர், வேறு கட்டடத்தில். அதைவிட மோசம், அந்தக் கிருமி பழகியிருந்த மருந்துகள் இரண்டையும் இயந்திரம் பெயர் சொல்லிக் காட்டியது. இரண்டும் என் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருப்பவை. தொண்டை கரகரத்தால் ஒன்று, சளி பிடித்தால் இரண்டு, உடம்பு தேறியதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவேன். ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற நான்.

அந்த ஜூனில் பின்கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டப்பாவிலிருந்து இரண்டு நாள் விழுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாதையன் கடைக்குப் போனேன். "கழுத்துல என்னங்க சார்?" என்று கேட்டான். "சூட்டுக்கட்டிப்பா, மாம்பழ சீசன்" என்றேன். நிஜமான சூட்டுக்கட்டி.

எங்கள் பதிவாளர் ரெஜினா மேடம் கெட்டவர் அல்ல. படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த வரிய ஏன் தொறந்தீங்க திருஞானம்?"

"தொறந்துட்டேன் மேடம். என் பேரப் போட்டுருங்க."

"எங்க போடறது? தோற்றுவாய் கட்டத்துல அட்டை நம்பர் கேக்கும். உங்ககிட்ட அட்டை இல்ல. நம்பர் இல்லாம மெஷின்ல சேவ் ஆகாது."

"அப்ப மாதையன்?"

"உங்க வரிய மூடிட்டா அவர்தான் மொதல்ல வராரு." குரலைத் தணித்தார். "உங்கள ஒருத்தரும் கேக்கல. நீங்க தொடற ஆளே இல்லன்னு நாமதானே எழுதிக் குடுத்தோம்? இன்னும் நாலு வருசத்துல ரிட்டயர்டு. பேசாம மூடுங்க."

நல்ல யோசனைதான். மூன்று நாள் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாதையன் கடை எப்படியும் பழையது. கார்குழலி வேறு படிப்பு படிக்கலாம், கணினி படிக்கலாம், இந்தக் காலத்தில் வழியா இல்லை? என்னென்னவோ தோன்றியது. எல்லாமே தனபாலன் குரலில் கேட்டதுதான் பிரச்சினை. பதினோரு வருடம் ஒவ்வொருவரையும் ஏளனம் செய்தே பழகிவிட்டேன். அந்த வரிசையில் கடைசி ஆளாக நானே போய் நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. மனசாட்சி என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் என்று சொல்லலாம்.

நான்காம் நாள் காலை தொடு அட்டை வழங்கும் மையத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு ஆயாக்களும், உடம்பு பிடித்துவிடுகிற ஒருவரும். ஜன்னலில் இருந்த பெண் என் அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், இது உங்களுக்கில்ல. தொடறவங்களுக்கு."

"தொடறேம்மா. தெனம் நாப்பது பேர் மூக்க."

"எப்பலேர்ந்துன்னு போடட்டும் சார்?"

"பதினோரு வருசமா."

அட்டை மூன்றாம் நாள் வந்தது. எண்ணை இயந்திரத்தில் ஏற்றினேன். அது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என் பெயரைத் தோற்றுவாய் கட்டத்தில் போட்டு, மாதையனை இடைக்கண்ணி ஆக்கி, தாளை வெளியே தள்ளியது. எனக்கு ஆயுள் தடை. மாதிரி சேகரிக்க முடியாத வாசிப்பாளரை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். வீட்டில் நான் ஒருவன்தான், ஆகவே பெரிய தியாகம் என்று யாரும் உருக வேண்டியதில்லை. தனபாலனுக்கு மட்டும் பெரிய ஏமாற்றம். "உங்க கிருமியா சார்?" என்று கேட்டார். பிறகு, "பரவால்ல, ஆபீசர் வழியாத்தானே வந்திருக்கு" என்றார். சத்தியமாகச் சொன்னார்.

மாதையனுக்கு மூக்கில் தடவக் களிம்பும், குளிக்க மருந்து நீரும் கொடுத்து, ஒன்றரை மாதம் கழித்துச் சோதித்தார்கள். கிருமி போயிருந்தது, அட்டை திரும்பக் கிடைத்தது. கார்குழலிக்கு ஒரு தடையும் இல்லை. எனக்கும் அதே களிம்புதான். என் மூக்கில் இருப்பது மட்டும் மூன்றாவது சோதனையிலும் அசையவில்லை. நான் ஊட்டி வளர்த்தது அல்லவா?

கடை திறந்த முதல் ஞாயிறு போனேன். எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன்? அவர் எழுந்து கும்பிடுவார், கண் கலங்குவார், நான் பெருந்தன்மையாகத் தோளைத் தட்டுவேன் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்றுதான் சொல்கிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதையே வழக்குக் கோப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மாதையன் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார்" என்றார். கும்பிடவில்லை.

"தெரியுமா? அது என்கிட்டேருந்துதான் வந்துது" என்றேன். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில்.

"தெரியுங்களே சார்."

"ஆர்டர்ல பார்த்தீங்களா?"

"இல்லீங்க. அன்னைக்கே தெரியுங்க." கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் பழைய பதிவேட்டை எடுத்து, சிவப்பு நூல் இருந்த பக்கத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். ஜூன் மாதம். என் பெயர். கேள்விக்கு எதிரே 'காயம் எதுவும் இல்லை'. அதற்குக் கீழே, கோப்புகளில் போடுகிற அதே சுழிப்போடு என் கையெழுத்து.

"இதத்தானே உங்க மேசையில வெச்சேன். நூலு போட்டே வெச்சிருந்தேனுங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே நாற்காலியில உக்காந்திருக்கறப்ப எப்படிங்க சொல்றது? படிச்சவரு, பிரிச்சாப் பார்த்துக்குவீங்கன்னு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் முறை வந்தது. எழுந்து நாற்காலியை நோக்கி நடந்தேன். அவர் துண்டை உதறவில்லை. இந்த வருடத்துப் பதிவேட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"தோல்ல காயம், கட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல."

"மூக்குல?"

அப்படி ஒரு கேள்வி சட்டத்தில் கிடையாது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் அதே கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கு" என்றேன்.

அவர் அதை நிதானமாக எழுதி, பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப இன்னைக்கு முடியாதுங்க சார். அது போனதும் வாங்க." பிறகு பெஞ்சைப் பார்த்து, "அடுத்தது யாருங்க?" என்று கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து நானே சவரம் செய்துகொண்டேன். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல், வெட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து மூடி ஒட்டினேன்.